கை உயர்ந்தால் ஒலியைக் கூட்டாதீர்கள்

இந்த மாதக் கடைசியோடு நான் சவுண்ட் மிக்ஸர் முன்னாலிருந்து எழுந்துகொள்கிறேன். முப்பத்து நான்கு வயதில் இதை ஓய்வு என்று சொன்னால் அம்மா சிரிக்கிறாள். ஆனால் பதினோரு வருடம் அரங்குகளின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கச்சேரிகளுக்கு ஒலி அமைத்துவிட்டு, இனி கட்டப்போகும் அரங்குகளை வரைபடத்தில் சரிபார்க்கும் அலுவலக வேலைக்குப் போகிறேன். அங்கே யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆகவே என் கணக்கில் இது ஓய்வுதான்.

என் இடத்துக்கு வரும் உங்கள் இருவருக்கும் செம்பூர் கோடவுனில், இரும்பு அலமாரியின் இரண்டாவது தட்டில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. வண்டியில் ஏற்ற வேண்டிய பொருட்கள் ஒன்று. எந்த அரங்கில் எந்த பிளக் பாயின்ட் வேலை செய்யாது என்பது இரண்டு. எந்த வித்வானுக்கு வெந்நீர், யாருக்கு ஃபில்டர் காபி, யாருக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்பது மூன்று. அவற்றை ஒரு முறை படித்தால் போதும். இந்தக் கடிதம் அந்தப் பட்டியல்களில் அடங்காத ஒன்றைப் பற்றியது. உங்களில் ஒருவர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்று தெரியும். மற்றவர் உரக்கப் படித்துக் காட்டுங்கள். தாதரில் ரயில் ஏறினால் முலுண்ட் வருவதற்குள் முடிந்துவிடும்.

முதலில் என் காது எங்கே வளர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். தாராவியில் அப்பாவுக்குப் பை தைக்கும் பட்டறை. கீழே ஒன்பது தையல் மெஷின்கள், மேலே நாங்கள். ஒன்பது மெஷினும் ஓடும்போது பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் பாட்டு மெஷினைவிட உரக்க இருக்க வேண்டும். ரேடியோவின் குமிழ் கடைசி வரை திருகப்பட்டு அங்கேயே இறுகிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் நின்றிருக்கும். அப்போதும் யாரும் அதைக் குறைத்ததில்லை. கோயில் கொடைத் திருவிழா வந்தால் தெருவுக்கு நான்கு கூம்பு ஸ்பீக்கர்கள். வீட்டில் டிவி வந்த பிறகு பாட்டுப் போட்டிகள். அதில் பாடும் பிள்ளைகளின் குரல் பளபளவென்று இருக்கும். ஒவ்வொரு வரியின் முடிவும் நீண்டு, மினுங்கி, மெல்லக் கரையும். டிப்ளமோ படிக்கும்போதுதான் அந்த மினுக்கத்துக்கு ரிவெர்ப் என்று பெயர், அது ஒரு பொத்தானில் இருக்கிறது என்று தெரிந்தது. கூடப் படித்தவர்கள் ஏமாற்றுவேலை என்றார்கள். எனக்கோ ஒரே சந்தோஷம். பொத்தான் இனி என் கையில்!

இந்தக் காதோடுதான் மாட்டுங்காவில் என் முதல் கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போனேன். எங்கள் சீனியருக்குக் காய்ச்சல். "நாலு மைக்தானே, நீயே போ" என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

பாடகர் மேடையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து வலது கையை மேலே தூக்கினார். கூட்டச் சொல்கிறார், கூட்டினேன். போதும் என்று தலையசைத்தார். இந்தப் பாஷை எனக்குத் தெரியும் என்று தைரியமாக உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஆலாபனை ஆரம்பித்தது. அவர் கை மேலே போனது. கூட்டினேன். கை கீழே வந்தது. குறைத்தேன். கை வலமும் இடமுமாக அலைந்தது. அதற்கு என்ன செய்வது என்று புரியாமல் இரண்டு பக்க ஸ்பீக்கர்களையும் மாறி மாறி ஏற்றி இறக்கினேன். இவ்வளவு நச்சரிக்கும் மனிதரை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் அவர் கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். நானும் முழுக்கத் தூக்கினேன். மைக் 'கீய்ய்' என்று வீறிட்டது. அரங்கமே திரும்பிப் பார்த்தது.

கச்சேரி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். வயலின் வாசித்த பெண் வந்தாள். என் வயதுதான், மாட்டுங்காக்காரி, பெயர் ஹேமா. சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் எங்களோட சேர்ந்து ஆலாபனை பண்ணிண்டிருந்தயே, தெரியுமோ?"

"அவர்தான் கையக் காட்டிக்கிட்டே இருந்தாரு!"

"அது அவர் கை. ராகத்துக்கு ஆடறது. ஒனக்கு இல்லடி அம்மா."

"பின்ன எனக்குக் காட்டுற கை எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"கையை ஏன் பாக்கற? கண்ணைப் பாரு. ஒங்கிட்ட கேக்கறவர் ஒன்னைப் பாப்பார். பாடறவர் எங்கேயும் பாக்க மாட்டார்."

அவள் வீட்டில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. காதில் விழுந்துகொண்டே இருந்ததாம். யாராவது பாடிக்கொண்டிருந்தால் மிக்ஸி போடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். "எத்தனையோ நாள் சட்னி காத்திண்டிருந்திருக்கு. இட்லி ஆறி அவலாப் போயிடும்" என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மெஷின் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு வர வேண்டும். அவர்கள் வீட்டில் பாட்டுக்காக மெஷின் நிற்கும். இரண்டு வீட்டிலும் பாட்டின் மேல் ஆசைக்குக் குறைவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு ஸ்வரம் எங்கே முடிகிறது என்று தெரியும். எனக்கு அது அதுவரை கேட்டதே இல்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் எந்த ஸ்வரமும் மெஷின் சத்தத்துக்குள் போய்த்தான் முடிந்தது.

முதல் பாடம் அவ்வளவுதான். இனி நான் சொல்ல வந்த கச்சேரி.

அதற்குள் எனக்கு இந்த வேலையில் எட்டு வருடம் ஆகியிருந்தது. செம்பூரில் ஒரு சபாவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புதியவர்களுக்கு வாய்ப்புத் தருவார்கள். முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து கேட்பார்கள். பிடித்திருந்தால் ஆண்டு விழாவில் மாலைக் கச்சேரி. பிடிக்காவிட்டால் பொன்னாடையோடும் வாழ்த்தோடும் சரி.

அந்த ஞாயிறு பாட வந்தவள் காவ்யா. காட்கோபர் பெண், இருபத்திரண்டு வயது. ஆறு வயதிலிருந்து முறையாகப் பாட்டுக் கற்றவள். ஆனால் ஊருக்குத் தெரிந்தது டிவி பாட்டுப் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்த காவ்யாவைத்தான். வயலினுக்கு ஹேமா. மேடையில் மைக் சோதிக்கும்போது காவ்யா இரண்டு வரி பாடினாள், நிறுத்தினாள், என் மேஜைக்கே ஓடி வந்துவிட்டாள்.

"அக்கா, இது என் வாய்ஸே இல்ல. ஏக்தம் மொட்டையா இருக்கு. கொஞ்சம் ரிவெர்ப் குடுங்க, ப்ளீஸ்."

பின்னாலேயே சபா செயலாளர் வந்தார். எல்லோருக்கும் அவர் மாமா. "அதெல்லாம் இங்க கிடையாதும்மா. டிவி மாதிரி ஜிகினா ஒட்டினா கமிட்டி அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடும். அப்புறம் எங்கிட்ட வந்து அழப்படாது."

அவர் நகர்ந்ததும் காவ்யா மெதுவாகச் சொன்னாள்: "மூணு வருஷமா காதுல இயர்போன் மாட்டித்தான் பாடறேன் அக்கா. அதுல எப்பவும் பளபளன்னு கேக்கும். வீட்டுல ப்ராக்டிஸ்கூட அப்படித்தான். டிவில பாடினது நீயா மெஷினான்னு டீச்சர் கேட்டுட்டாங்க. எனக்கே தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இங்க வந்தேன். ஆனா இப்படி மொட்டையா கேட்டா நடுவுலயே நிறுத்திடுவேன்."

மேடையில் பாடுபவரைப் பார்த்துத் தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் அவருக்கு மட்டும் கேட்பது என்று உங்களுக்குத் தெரியும். சபைக்கு வேறு ஸ்பீக்கர்கள். எனக்கு உடனே ஒரு வழி தோன்றியது. மானிட்டரில் மட்டும் ரிவெர்ப், சபைக்குச் சுத்தமான குரல். மாமாவுக்கும் திருப்தி, அவளுக்கும் தைரியம். சொன்னதும் காவ்யா முகம் மலர்ந்தது. "அக்கா, யூ ஆர் தி பெஸ்ட்! இன்னும் வேணும்னா ஒரு விரல் காட்டறேன்" என்று மேடைக்கு ஓடினாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சாமர்த்தியம் என்று தோன்றும்போது இன்னொரு முறை யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பா வந்தார். அந்த எட்டு வருடத்தில் ஒரு முறைகூட என் வேலையைப் பார்க்க வராதவர். டிவிக்காரப் பெண் பாடுகிறாள் என்று கேள்விப்பட்டு, எங்கள் தெருவிலிருந்து பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் இஸ்திரிச் சட்டையில், சரியாக என் மேஜைக்கு முந்தைய வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி செல்வி, சவுண்டு நல்லா வையி. அந்தப் பிள்ள டிவில பாடுத மாதிரி."

"இங்க அப்படி வைக்க மாட்டாங்கப்பா."

"வைக்காம? அப்போ பின்னால இருக்கவனுக்கு எப்படிக் கேக்கும்?"

"பேசாம இருந்தா கேக்கும்."

"என்னைய வாய மூடச் சொல்லுதா பாத்தியளா" என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

முதல் பாட்டிலேயே தவறு தெரிந்துவிட்டது. காவ்யா ஒவ்வொரு வரியையும் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் விட்டுவிட்டாள். மானிட்டரில் அந்த ஸ்வரம் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது, அவள் காதுக்கு வரி நிறைவாக முடிகிறது. சபைக்கோ அது வெட்டுப்பட்டு விழுகிறது. மூன்று வருடமாக இயந்திரம்தான் அவளுடைய வரிகளை முடித்துக் கொடுத்திருக்கிறது. ஹேமா மேடையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமா மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா இது? நன்னாத்தான் பிடிக்கறா. பிடிச்சதை உடனே கீழ போட்டுடறாளே!"

முன்வரிசையில் ஒரு கமிட்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

என் நோட்டில் மூன்று வழிகள் எழுதினேன். சபைக்கும் ரிவெர்ப் கொடுப்பது: வெட்டு மறையும், ஆனால் டிவிப் பெண் டிவிப் பெண்ணாகவே திரும்பிப் போவாள். மானிட்டரில் உடனே நிறுத்துவது: அவள் பயந்து பாட்டையே நிறுத்தலாம். எதையும் தொடாமல் விடுவது: கெட்ட பெயர் எனக்கு வராது. மூன்றையும் அடித்துவிட்டு நான்காவதைச் செய்தேன். மானிட்டர் ரிவெர்ப்பை நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போதும் ஒரு பங்கைக் குறைப்பது. பாட்டின் நடுவே குறைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். கைதட்டலுக்கு நடுவே தெரியாது.

சபாக் கைதட்டல் உங்களுக்குத் தெரியும், நாலு தட்டு, முடிந்தது. அதற்குள் எதையும் நிதானமாகக் குறைக்க முடியாது. அன்று என்னைக் காப்பாற்றியது எங்கள் தெரு. டிவியில் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா, ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார். மாமா முகத்தைச் சுளித்தார்.

"யாரும்மா இவாள்லாம்?"

"எங்கப்பா, மாமா."

"ஓ" என்றார். சற்றுப் பொறுத்து, "உற்சாகமா இருக்கா" என்றார்.

அந்த நீண்ட கைதட்டலுக்குள் என் விரல் சாவகாசமாக ஒரு பங்கு இறங்கியது. இரண்டாம் பாட்டில் காவ்யாவின் வரிகள் கொஞ்சம் நீண்டன. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். அவளுக்கே தெரியாமல், இயந்திரம் விட்ட இடத்தைக் குரல் பிடித்துக்கொண்டிருந்தது. நான்காம் பாட்டுத் தொடங்கும் முன், ஒரு பங்குதான் மிச்சமிருக்கும்போது, அவள் என்னை நேராகப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள்.

இந்தக் கை எனக்குத்தான். கண்ணும் என் மேல்தான். கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்புவாள். மறுத்தால் உடைவாள். அவளுக்கு இப்போது வேண்டியது பளபளப்பா, துணையா என்று யோசித்தேன். தலையசைத்துவிட்டு, மானிட்டரில் தம்புராவின் ஒலியை ஏற்றினேன். அவள் கண்ணை மூடி ஒரு கணம் கேட்டாள். சிரித்தாள். பாடினாள். அந்தப் பாட்டின் கைதட்டலில் கடைசிப் பங்கையும் இறக்கிவிட்டேன்.

பிறகு பிரதான ராகம், ஷண்முகப்ரியா. அந்த ராகத்தை அவள் டிவியிலும் பாடியிருக்கிறாள், ஒன்றரை நிமிடம், பட்டாசு மாதிரி. இப்போது மெதுவாகத் தொடங்கினாள். ஒரு ஸ்வரத்தில் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். மேலே ஏறினாள். வலது கை எழுந்தது. என் விரல் பழைய பழக்கத்தில் துடித்தது. அவள் கண்களைப் பார்த்தேன். அவை என்னையோ கமிட்டியையோ பார்க்கவில்லை. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் நிறுத்தி, ஹேமாவின் வயலின் எழுந்தபோது அப்பா பின்னால் திரும்பி ரகசியமாகச் சொன்னார். "ஏட்டி, இது நம்ம கோயில்ல வாசிக்கதுல்லா! சாமி சப்பரம் தெரு முக்கு திரும்பயில நாயனக்காரரு வாசிப்பாரே, அது!"

மாமா குனிந்தார். "இந்த ராகத்தையா? எத்தனை நாழி வாசிப்பா?"

"சப்பரம் திரும்புத வரைக்கும், அண்ணாச்சி. எங்க முக்குல சட்டுனு திரும்பாது. ரெண்டு பக்கமும் கடைய நீட்டி வச்சிருக்கானுவோ."

"ஒரு பத்து நிமிஷம்?"

"பத்தா? ஒரு வருசம் முக்கா மணி நேரம் ஆச்சு. ஒரு ஷட்டரக் கழத்துன பெறவுதான் நவுந்துச்சு."

மாமா நிமிர்ந்தார். "முக்கால் மணி ஷண்முகப்ரியா" என்று தனக்குள் சொன்னார். "கல்யாணங்கள்ல இப்போ அஞ்சு நிமிஷம் வாசிக்க விடறதில்லை." பிறகு அப்பாவின் தோளைத் தொட்டு, "உங்க கோயில் திருவிழா எப்போன்னு சொல்லுங்கோ" என்றார். நாற்பது வருடமாக சபா நடத்துகிறவர், தாராவியின் ஒரு குறுகிய முக்கின் மேல் பொறாமைப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

கச்சேரி முடிந்தது. கமிட்டிக்காரர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். அவர்களில் கடிகாரம் பார்த்தவர், மாலைக் கச்சேரிக்கு எந்த வாரம் சௌகரியம் என்று காவ்யாவின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அரங்கு காலியானது. எங்கள் தெருக்காரர்கள், சும்மா நிற்கத் தெரியாதவர்கள், பணியாளர்களோடு சேர்ந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். காவ்யா என் மேஜைக்கு ஓடி வந்தாள்.

"தேங்க்ஸ் அக்கா! கடைசி வரைக்கும் அந்த ரிவெர்ப் இருந்ததாலதான் பாட முடிஞ்சுது."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் சந்தோஷமாகப் போயிருப்பாள். ஆனால் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்று காலையில் சொன்னவள் அவள். ஒருவரின் காதில் அவருக்குத் தெரியாமல் கை வைத்தால், அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லத் தைரியமில்லாவிட்டால் கை வைக்கவே கூடாது. மிக்ஸரைக் காட்டினேன். மானிட்டர் ரிவெர்ப் பொத்தான் பூஜ்யத்தில் கிடந்தது.

"எப்பலேர்ந்து?"

"ஷண்முகப்ரியா முழுக்க ஒண்ணுமே இல்ல."

"நான் விரல் காட்டினேனே?"

"தம்புராதான் குடுத்தேன்."

அவள் பொத்தானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சீட்டர்!" என்று என் தோளில் பலமாக ஒரு அடி. வலித்தது. பின்னால் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த ஹேமா, "என் சார்பா இன்னொண்ணு போடு" என்றாள்.

காவ்யா சிரிக்கவில்லை. காலி அரங்கின் நடுவில் போய் நின்றாள். மைக்குகளை நான் ஏற்கெனவே அணைத்திருந்தேன். அவள் ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்தாள். பிடித்தாள். அது சுவர் வரை போய் வந்தது. மூச்சு இருக்கும் வரை பிடித்துக்கொண்டே இருந்து, தானே கொண்டுபோய் முடித்தாள். முடிந்த பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

அப்பா ஒரு நாற்காலியை மடக்கப்போனவர், அது 'டப்' என்று சத்தம் போடும் என்று பாதியிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒன்பது மெஷினுக்கு மேல் ரேடியோ வைத்தவர். அப்படியே நின்றபடி என்னிடம் கிசுகிசுத்தார்.

"ஏட்டி, மைக்கு இல்லாமலே இம்புட்டு கேக்குதே. அப்போ உனக்கு இங்க என்னதான் வேல?"

"இதுதாம்ப்பா."

அவர் நாற்காலியை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல, சத்தமில்லாமல் சுவரோரம் சாய்த்து வைத்தார்.